ஏரி வடிந்தது, களிமண் நின்றது: அகாசிஸ் பனியேரி மண்ணின் வரலாறும் வகைப்பாடும்



படிவம் ஆறு வகுப்பில் மண் வகைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வட அமெரிக்காவின் ரெட் ஆற்றுச் சமவெளியின் படத்தைத் திரையில் காட்டினேன். தட்டையான நிலம், கறுப்பு மண், கோடையில் வெடித்த வெடிப்புகள். ஒரு மாணவி கையைத் தூக்கினார். "டீச்சர், இதை எதுல சேர்த்து எழுதுறது? ஏரியில படிஞ்சதால ஏரி மண்ணா, கறுப்பா இருக்கிறதால கறுப்பு மண்ணா, வெடிக்கிறதால களிமண்ணா?"

நல்ல கேள்வி. அன்றைக்கு மணி அடித்துவிட்டதால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கேள்விக்கு விடை காண மண் அறிஞர்களுக்கே ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன என்பதை அந்த மாணவி அறிந்தால் மகிழ்ச்சி அடைவார். அந்த நூறு ஆண்டுக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

1. இல்லாமல் போன ஓர் ஏரி

கனடாவின் மனித்தோபா மாநிலம், அமெரிக்காவின் வட டகோட்டா, மினசோட்டா மாநிலங்கள் ஆகியவற்றின் ஊடாக ரெட் ஆறு ஓடுகிறது. இது தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடும் ஆறு. இந்தத் திசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் தொடங்குகிறது.

கடந்த பனியுகத்தின் இறுதியில் லாரன்டைட் பனித்தகடு மெல்ல மெல்ல வடக்கே பின்வாங்கியது. நிலம் வடக்கே சரிந்திருந்தது, ஆனால் வடக்கே நீர் போக வழியில்லை. பனித்தகடே அணைபோல அடைத்துக்கொண்டு நின்றது. உருகிய நீர் அதற்கு முன்னால் தேங்கியது. ஏறக்குறைய 14,000 ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் ஒரு மாபெரும் ஏரி பிறந்தது. இன்றுள்ள வட அமெரிக்கப் பேரேரிகள் ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அதைவிடப் பெரியதாக ஒரு காலத்தில் அது விரிந்திருந்தது. பனி விலக விலக ஏரி வடிந்தது. தென்பகுதி முதலில் காய்ந்தது. ஏறக்குறைய 8,200 ஆண்டுகளுக்கு முன் எஞ்சிய நீரும் ஹட்சன் விரிகுடாவுக்குள் பாய்ந்து முடிந்தது. வின்னிபெக் ஏரி, மனித்தோபா ஏரி போன்றவை அதன் மிச்சங்கள்.

இந்த ஏரி இருந்ததை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1823இல் மேஜர் ஸ்டீபன் லாங் தலைமையில் ரெட் ஆற்றுப் பகுதிக்கு ஒரு பயணக் குழு சென்றது. அதில் இடம்பெற்ற வில்லியம் கீட்டிங், இந்தச் சமவெளி பழைய ஏரியின் அடித்தளமாக இருக்க வேண்டும் என்று எழுதினார். ஆனால் ஏரியை அடைத்து நின்றது எது என்று சொல்ல அப்போது வழியில்லை. 1837இல் லூயி அகாசிஸ் பனியுகக் கருத்தை முன்வைத்த பிறகே அந்த வழி திறந்தது. 1879இல் வாரன் அப்ஹாம் இந்த ஏரிக்கு அகாசிஸின் பெயரைச் சூட்டினார். பின்னர் பழைய கரைமேடுகளைப் பல ஆண்டுகள் அளந்து, 1895இல் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் வழி பெரிய நூலாக வெளியிட்டார்.

2. ஏரி எப்படி மண்ணைப் பிரித்து வைத்தது?

பனியாறு நேரடியாகக் கொட்டிப் போகும் படிவில் பாறைக் கற்கள், மணல், களி எல்லாம் கலந்து கிடக்கும். ஏரி அப்படி இல்லை. அது சல்லடை மாதிரி வேலை செய்யும். பாயும் நீர் ஏரிக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது. கனமானவை முதலில் விழுகின்றன. அதனால் கரையோரத்தில் சரளையும் மணலும் நீண்ட மேடுகளாகச் சேர்ந்தன. ஆறு ஏரியில் கலந்த இடங்களில் மணல் கழிமுகங்கள் தோன்றின. ஷெயென் ஆற்றின் பழைய கழிமுகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மிக நுண்ணிய களித்துகள்கள் மட்டும் ஏரியின் நடுப்பகுதி வரை மிதந்து சென்று, அமைதியான நீரில் மெல்ல அடங்கின.

ஆகவே "பனியேரிப் படிவு" என்றாலே களிமண் என்று எழுதிவிடாதீர்கள். ஒரே ஏரி மூன்று விதமான மண்ணைத் தந்திருக்கிறது. கரையில் மணல், கழிமுகத்தில் மணலும் வண்டலும், நடுவில் களி.

பனியேரிப் படிவுகளின் இன்னோர் அடையாளம் ஆண்டு அடுக்கு. கோடையில் உருகுநீர் அதிகம் வரும், வெளிறிய வண்டல் படியும். குளிர்காலத்தில் ஏரியின் மேற்பரப்பு உறைந்துவிடும், நீரில் தொங்கிக்கொண்டிருந்த நுண்களி கரிய அடுக்காகப் படியும். ஒரு வெளிர், ஒரு கருமை, இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. இதற்கு வார்வ் என்று பெயர். சுவீடனில் ஜெரார்ட் டி கீர் இந்த அடுக்குகளை மரத்தின் வளையங்களை எண்ணுவதுபோல எண்ணி, பனி விலகிய காலத்தைக் கணக்கிட்டார். அந்த முறையை 1920களில் எர்ன்ஸ்ட் ஆன்டெவ்ஸ் வட அமெரிக்காவில் பயன்படுத்தினார்.

அகாசிஸ் ஏரிக் களிக்கு மட்டும் ஒரு தனிக்குணம் உண்டு. அந்தப் பகுதியில் பழைய கடலடி மாக்கல் பாறைகள் உள்ளன. பனியும் ஆறுகளும் அவற்றை அரைத்து ஏரிக்குள் கொண்டுவந்தன. அந்தப் பாறையில் ஸ்மெக்டைட் என்னும் களிக்கனிமம் நிறைய இருக்கிறது. நீரை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். எல்லாப் பனியேரிக் களியும் இப்படி உப்பிச் சுருங்குவதில்லை. ஏரி ஒரே விதம்தான் என்றாலும், அரைபட்ட பாறை வேறு. மண்ணின் குணத்தை அதுதான் முடிவு செய்கிறது.

3. மேலே பொன், கீழே என்ன?

ஏரி வடிந்த பிறகு அந்தத் தட்டை நிலத்தில் உயரமான புல் வளர்ந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதன் வேர்கள் மக்கி, மேல்மண் கறுப்பானது. 1870களில் இருப்புப்பாதை வந்தது. பின்னாலேயே பெரும் கோதுமைப் பண்ணைகள் வந்தன. கல் பொறுக்க வேண்டாம், மரம் வெட்ட வேண்டாம், மேடு பள்ளம் இல்லை. ஏர் பூட்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் நேராகப் போகலாம்.

ஆனால் உழவர்களுக்கு இந்த மண்ணின் மறுபக்கமும் தெரியும். மழை பெய்தால் காலிலும் சக்கரத்திலும் அப்பிக்கொண்டு விடாது. காய்ந்தால் கல்லாகும், பிளக்கும். அங்கே இதைக் "கம்போ" என்று பேச்சு வழக்கில் சொல்வார்கள். நீர் சீக்கிரம் இறங்காது. நிலமும் தட்டை. ஆறு வடக்கே ஓடுவதால், வசந்தத்தில் தெற்கே பனி உருகி வெள்ளம் புறப்படும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்தே கிடக்கும். 1950இல் வின்னிபெக்கும், 1997இல் கிராண்ட் ஃபோர்க்ஸும் மூழ்கியதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம்.

உழவர்கள் மேல் மூன்று நான்கு அடியை அறிந்திருந்தார்கள். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை 1913இல் ஒரு கட்டடம் காட்டிக்கொடுத்தது.

4. சாய்ந்த குதிர்: டிரான்ஸ்கோனா, 1913

கோதுமை விளைச்சல் பெருகியதால் வின்னிபெக் இரயில் நிலையங்களில் நெரிசல் ஏற்பட்டது. கனடியன் பசிபிக் இரயில்வே நிறுவனம் நகருக்கு அருகே வடக்கு டிரான்ஸ்கோனாவில் மாபெரும் தானியக் கிடங்கு ஒன்றைக் கட்டியது. கட்டுமானம் 1911இல் தொடங்கியது. வரிசைக்கு 13 வீதம் 5 வரிசைகளில் 65 கான்கிரீட் குதிர்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 28 மீட்டர் உயரம். எல்லாம் ஒரே கான்கிரீட் மேடைமேல் நின்றன. மேடையின் அளவு ஏறக்குறைய 23.5 மீட்டருக்கு 59.5 மீட்டர். கொள்ளளவு 10 இலட்சம் புஷல். வெறும் கட்டடத்தின் எடையே 20,000 டன்.

அடித்தளம் தோண்டியபோது சோதனை செய்யாமல் இல்லை. ஏறக்குறைய 3.7 மீட்டர் ஆழத்தில், குழியின் அடியில், சிறிய பரப்பில் பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். மண் தாங்கியது. போதும் என்று முடிவு செய்தார்கள்.

1913 செப்டம்பரில் கோதுமை நிரப்பத் தொடங்கினார்கள். அக்டோபர் 18 அன்று உள்ளே 875,000 புஷல் இருந்தபோது கட்டடம் இறங்கத் தொடங்கியது. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் இறங்கியது. பிறகு மேற்குப் பக்கமாகச் சாயத் தொடங்கியது. 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 27 பாகை சாய்ந்து நின்றது. வியப்பு என்னவென்றால், குதிர்கள் உடையவில்லை. கான்கிரீட் வலுவாகவே இருந்தது. தோற்றது மண்தான்.

ஏன் தோற்றது? தயிர்ச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஆடை கட்டியிருக்கும். விரல் நுனியால் மெதுவாகத் தொட்டால் கெட்டியாகத் தெரியும். அதே சட்டியின் வாயளவுக்கு ஒரு தட்டை வைத்து அழுத்தினால்? ஆடையோடு சேர்ந்து தட்டு உள்ளே போகும். டிரான்ஸ்கோனாவில் நடந்தது அதுதான். மேலே இருந்த பழுப்புக் களி உலர்ந்து இறுகியிருந்தது. அதற்குக் கீழே ஏரியின் அடியில் படிந்தபடியே கிடந்த சாம்பல் நிறக் களி மென்மையானது. சிறு பரப்பில் வைத்த பாரம் மேலடுக்கை மட்டுமே சோதித்தது. அகலமான மேடையின் பாரமோ கீழடுக்கு வரை சென்றது.

தானியத்தை இறக்கி, அடியில் சுரங்கம் தோண்டி, கீழேயுள்ள பாறை வரை தூண்கள் இறக்கி, திருகு பொறிகளால் தூக்கி, 1914இல் கட்டடத்தை நிமிர்த்திவிட்டார்கள். அது பின்னர் பல பத்தாண்டுகள் பயன்பட்டது. ஆனால் பாடம் முழுமையாகப் புரிய 1951 ஆக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அங்கே துளையிட்டு மண் மாதிரி எடுத்தார்கள். ரால்ஃப் பெக், பிரையன்ட் இருவரும் 1953இல் வெளியிட்ட கட்டுரையில், கோட்பாட்டின்படி அந்த மண் தாங்கக்கூடிய பாரத்தையும் அது உண்மையில் தோற்ற பாரத்தையும் ஒப்பிட்டார்கள். சதுர அடிக்கு ஏறக்குறைய 3 டன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. மண் பொறியியல் கோட்பாட்டுக்கு முழு அளவில் கிடைத்த மிகச் சிறந்த சான்றுகளில் இது ஒன்று.

அதன் பிறகு இன்னொரு விபத்தும் நடந்தது. அதே ஏரிக் களிமேல், வட டகோட்டாவின் ஃபார்கோவுக்கு அருகில், 1954இல் கட்டிய தானியக் கிடங்கு 1955 ஜூன் 12 அன்று சரிந்தது.

5. பெயர் வைப்பது எப்படி? பிறப்பா, குணமா?

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம்.

டிரான்ஸ்கோனா சாய்ந்த அதே 1913இல், அமெரிக்க மண் ஆய்வு அலுவலகம் நாட்டின் மண் வகைகளைத் தொகுத்து 96ஆம் எண் வெளியீட்டைக் கொண்டுவந்தது. அதில் மண் எந்தப் பொருளிலிருந்து வந்தது என்பதே முதன்மையான அளவுகோல். ரெட் ஆற்றுக் களி "பனியேரி மற்றும் ஆற்றுப்படிமேட்டு மாகாணம்" என்ற பிரிவில் இடம்பெற்றது. அதாவது பிறப்பை வைத்துப் பெயர். மாணவி சொன்ன முதல் விடை, "ஏரி மண்".

இதில் ஒரு சிக்கல். ஏரிக்கரை மணலும் ஏரிநடுக் களியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆனால் ஒன்றில் நீர் நிற்காது, மற்றதில் நீர் இறங்காது. ரஷ்யாவில் டொக்குச்சாயெவ் 1883லேயே வேறு வழி காட்டியிருந்தார். தாய்ப்பொருள் ஒன்று மட்டுமல்ல, தட்பவெப்பம், உயிரினம், நில அமைப்பு, காலம் எல்லாம் சேர்ந்தே மண்ணை உருவாக்குகின்றன என்றார் அவர். அந்தக் கருத்து அமெரிக்காவில் வேரூன்றப் பல ஆண்டுகள் ஆயின. 1913 வெளியீட்டின் ஆசிரியர்களில் ஒருவரான கர்ட்டிஸ் மார்பட்டே பின்னர் அந்த வழிக்கு மாறினார்.

1951 முதல் கை ஸ்மித் தலைமையில் புதிய முறை உருவானது. 1960இல் "ஏழாவது அணுகுமுறை" என்ற வரைவு வந்தது, 1975இல் முழு நூல் வந்தது. மண்ணில் அளந்து பார்க்கக்கூடிய பண்புகளே இதன் அடிப்படை. உப்பி, சுருங்கி, வெடித்துப் புரளும் களிமண்ணுக்கு வெர்ட்டிசால் என்று தனி வரிசை கிடைத்தது. "திருப்புதல்" என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. மண் தன்னைத்தானே உழுதுகொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்படின்னா ரெட் ஆற்றுக் களி வெர்ட்டிசால்தானே? வெடிக்கிறது, உப்புகிறது, குழி தோண்டினால் மண்கட்டிகள் ஒன்றோடொன்று உரசி வழவழப்பான வழுக்குமுகங்கள் தெரிகின்றன. எல்லா அடையாளமும் இருக்கிறது. ஆனால் 1975 நூலின் விதி ஒன்று கதவை அடைத்தது. குறிப்பிட்ட அளவுக்குமேல் குளிரான மண் வெர்ட்டிசால் ஆகாது! வெர்ட்டிசால் என்றால் வெப்ப நாட்டு மண் என்ற எண்ணம் அன்று வலுவாக இருந்தது. அதனால் அங்குள்ள ஃபார்கோ தொடர் மண்ணைக் கறுப்புப் புல்வெளி மண்ணான மொல்லிசால் வரிசையில் போட்டு, "வெர்ட்டிக்" என்ற அடைமொழியை மட்டும் ஒட்டிவிட்டார்கள். மாணவியின் இரண்டாவது விடை, "கறுப்பு மண்".

களத்தில் வேலை செய்தவர்கள் விடவில்லை. குளிர்நாட்டிலும் மண் அதே வேலையைச் செய்கிறது என்று காட்டினார்கள். பன்னாட்டுக் குழு ஒன்று வெர்ட்டிசால் விதிகளை மறுபரிசீலனை செய்தது. 1990களின் தொடக்கத்தில் குளிர்த்தடை நீக்கப்பட்டது. ஈரமான வெர்ட்டிசாலுக்கும் உறைகுளிர் வெர்ட்டிசாலுக்கும் தனித்தனி உள்வரிசைகள் சேர்ந்தன. கனடாவும் 1998இல் தன் வகைப்பாட்டில் வெர்ட்டிசாலுக்குப் புதிய வரிசை திறந்தது. மூன்றாவது விடை, "உப்பி வெடிக்கும் களிமண்", கடைசியில் வென்றது.

6. ஒரு பெயருக்குள் ஒரு வரலாறு

ஃபார்கோ மண்ணின் இன்றைய முழுப்பெயர்: ஃபைன், ஸ்மெக்டிட்டிக், ஃப்ரிஜிட், டிப்பிக் எபிஅக்வெர்ட். பார்க்கப் பயமாக இருக்கும். பிரித்தால் எளிது.

• வெர்ட்: வெர்ட்டிசால் வரிசை. உப்பிச் சுருங்கும் களி.
• அக்வ்: நீர். ஆண்டின் ஒரு பகுதியில் நீர் தேங்கி, காற்றோட்டம் இல்லாத மண்.
• எபி: மேல். நீர் மேலடுக்கில் தேங்கி நிற்கிறது.
• டிப்பிக்: அந்தக் குழுவின் மாதிரி வடிவம்.
• ஃபைன்: களியின் அளவு 35 விழுக்காடு முதல் 60 விழுக்காட்டுக்குள்.
• ஸ்மெக்டிட்டிக்: முதன்மைக் களிக்கனிமம் ஸ்மெக்டைட்.
• ஃப்ரிஜிட்: மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 8 பாகை செல்சியசுக்குக் கீழ், ஆனால் கோடையில் நன்கு சூடாகும்.

கவனித்தீர்களா? இந்த நீண்ட பெயரில் "ஏரி" என்ற சொல்லே இல்லை. ஆனால் ஏரி ஒளிந்திருக்கிறது. களித்துகள் இவ்வளவு நுண்மையாக இருப்பதும், நிலம் தட்டையாக இருந்து நீர் தேங்குவதும் ஏரியால்தான்.

இதனால் ஓர் எதிர்பாராத உறவும் தெரியவருகிறது. கோவில்பட்டி வட்டாரத்தின் கரிசல் மண்ணும் வெர்ட்டிசால் வரிசைதான். அங்கே பனியும் இல்லை, பனியேரியும் இல்லை. பாறை சிதைந்து, வெயிலில் விளைந்த மண். பிறப்பு வேறு, ஊர் வேறு, குணம் ஒன்று. கோடையில் இரண்டும் வாய் பிளக்கும், மழையில் இரண்டும் காலைப் பிடிக்கும்.

நம் பக்கத்தில்? சிங்கப்பூர் காலாங் வட்டாரத்திலும் தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையிலும் மென்மையான கடல் களி உண்டு. பனித்தகடுகள் உருகிக் கடல்மட்டம் உயர்ந்தபோது அதன் மேலடுக்கு படிந்தது. இது பனியேரிப் படிவு அல்ல, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் டிரான்ஸ்கோனாவின் பாடம் இதற்கும் பொருந்தும். மேலே கெட்டி, கீழே மென்மை என்றால், ஆழமாகத் துளையிட்டுப் பார்க்காமல் கட்டக் கூடாது.

விடை எழுதும்போது நினைவில் கொள்க

1. தோற்றத்தையும் வகைப்பாட்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். "பனியேரிப் படிவு" என்பது தாய்ப்பொருள். "வெர்ட்டிசால்" என்பது மண் வரிசை.
2. பனியேரிப் படிவின் பண்புகள்: துகள்கள் தரம்பிரிந்திருத்தல், ஆண்டு அடுக்குகள், தட்டையான நிலம், மெதுவான நீர் வடிகால்.
3. கரை, கழிமுகம், ஏரிநடு ஆகிய மூன்றையும் வேறுபடுத்திக் காட்டினால் விடை சிறக்கும்.
4. ஆண்டுகளைக் கோவையாகச் சொல்லுங்கள்: 1823, 1879, 1895, 1913, 1960, 1975, 1998.
5. ஓர் எடுத்துக்காட்டையாவது காரணத்தோடு விளக்குங்கள். "டிரான்ஸ்கோனா சாய்ந்தது" என்பது செய்தி. "மேலடுக்கை மட்டும் சோதித்ததால் சாய்ந்தது" என்பதே விடை.

வகுப்பில் கலந்துரையாட

அ. பிறப்பை மட்டும் வைத்து மண்ணை வகைப்படுத்தினால் உழவருக்கு என்ன இழப்பு? குணத்தை மட்டும் பார்த்தால் கட்டடம் கட்டுபவருக்கு என்ன இழப்பு?
ஆ. குளிர்நாட்டு மண்ணை வெர்ட்டிசாலில் சேர்க்கக் கூடாது என்ற விதி ஏன் தோன்றியது? எந்தச் சான்று அதை மாற்றியது?

இந்த இரண்டாவது வினாவுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள், ஆசிரியர்களே. பாடநூலில் உள்ள பட்டியல் வானத்திலிருந்து விழுந்தது என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்கள் பட்டியலைத் திருத்தினார்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்த மாணவியிடம் அடுத்த வாரம் நான் சொல்லப்போகும் பதிலும் அதுதான்: "நீ சொன்ன மூணும் சரிதான்மா. ஒவ்வொண்ணும் ஒரு காலத்துல சரியான விடையா இருந்துச்சு. இன்னைக்கு எழுத வேண்டியது மூணாவது. மத்த ரெண்டையும் காரணமா எழுது."